மரமும் கனியும்: இலங்கையின் சேமநல வரலாறு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

வளர்முக நாடுகளின் வறுமை பற்றி எழுதுவோர் இலங்கையைக் குறிப்பிடாது செல்வது அரிது. இச்சிறு நாட்டுக்கு இத்துணைக் கவனம் கிடைத்தமைக்குக் காரணம் அதன் செல்வமன்று. செல்வம் குறைந்திருந்தும் அதன் மக்கள் நெடுங்காலம் வாழ்ந்தமையும், எழுத்தறிவு பெற்றமையும், பிறந்த குழந்தைகளுட் பெரும்பாலானவை பிழைத்தமையுமே ஆகும். 'இலங்கை உதாரணம்' எனப் பொருளியலாளர் குறிக்கும் இவ்வரலாறு நூல்களில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது, அது எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பனவற்றை நோக்குவதே இங்கு எமது முயற்சியாகும்.

1950களின் பிற்பகுதியில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம் பத்தாண்டுத் திட்டமொன்றை வரைந்துகொண்டிருந்தபோது, தேசியத் திட்டமிடற் சபையின் அழைப்பின் பேரில் வெளிநாட்டுப் பொருளியலாளர் பலர் இங்கு வந்தனர். ஹிக்ஸ், கால்டோர், மிர்டால் ஆகியோருடன் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜோன் றொபின்சன் அம்மையாரும் அவர்களுள் ஒருவர். இவர்களது கட்டுரைகள் 1959இல் தொகுத்து வெளியிடப்பட்டன. அவற்றுள் இன்றுவரை நினைவுகூரப்படுவது றொபின்சன் அம்மையாரது உவமை ஒன்றுதான். மரத்தை நடுமுன்னரே கனியைச் சுவைத்துவிட்ட நாடு இலங்கை என்பது அதன் சாரம். உற்பத்தியைப் பெருக்காது அரிசி மானியத்துக்கும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் செலவிட்டுவிட்டோம் என்பது அதன் பொருள்.

இதனைக் கூறியவர் பழைமைவாதியல்லர். இடதுசாரிச் சிந்தனையின்பால் ஈடுபாடு கொண்டவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆயினும் உவமைகளுக்கு உடைமையாளர் இல்லை. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுத்தப்பட்டபோது, பங்கீட்டரிசியை நிறுத்த விரும்பியோர்க்கு இவ்வுவமை கைக்கு எட்டிய ஆயுதமாயிற்று. இன்றும் பரீட்சை வினாத்தாள்களில் இக்கூற்றைத் தந்து 'ஆராய்க' எனக் கேட்பதுண்டு. ஆராயும் நாமும் கனியைப் பற்றியே எழுதுகின்றோம். மரத்தைப் பற்றி எவரும் எழுதுவதில்லை.

முதலிற் கனி யாதெனக் கூறுதல் வேண்டும். 1931இல் டொனமூர் யாப்பின்கீழ் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கிராமப்புற வைத்திய வசதிகள் விரிவுபெற அப்பேரழிவு ஒரு தூண்டுதலாயிற்று. போர்க்காலத் தட்டுப்பாட்டினால் 1942இல் அரிசிப் பங்கீடு தொடங்கியது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1946இல் மலேரியா ஒழிப்புக்கு டி. டி. டி. பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த மரண வீதம் அடுத்த ஆண்டிலேயே ஏறத்தாழ 14 ஆயிற்று. 1946இல் 43 வயதளவில் இருந்த ஆயுள் எதிர்பார்க்கை 1960களின் தொடக்கத்தில் 60ஐத் தாண்டியது. ஐரோப்பிய நாடுகள் பல தலைமுறைகளில் அடைந்ததை நாம் ஒரு தலைமுறையில் அடைந்தோம் எனல் மிகையன்று.

றொபின்சன் அம்மையாருக்கு விடை இருபது ஆண்டுகளின் பின் வந்தது. 1979இல் மொறிஸ் டி. மொறிஸ் என்பார் எழுத்தறிவு, சிசு மரணம், ஒரு வயதில் எதிர்பார்க்கப்படும் ஆயுள் ஆகிய மூன்றையும் இணைத்துப் பௌதிக வாழ்க்கைத் தரச் சுட்டெண் ஒன்றை அமைத்தார். தலா வருமானத்தின்படி கீழ் வரிசையில் நின்ற இலங்கை இச்சுட்டெண்ணின்படி மேல் வரிசைக்குச் சென்றது. அடுத்த ஆண்டு போல் ஐசன்மன் இலங்கையை அடிப்படைத் தேவைகளின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாக ஆராய்ந்தார். 1981இல் அமர்த்தியா சென் ஒரு கணிப்பை முன்வைத்தார். வருமான வளர்ச்சியை மட்டும் நம்பியிருந்தால், இலங்கை பெற்ற ஆயுளை ஒரு சராசரி வளர்முக நாடு பெறுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகும் என்பது அதன் முடிவு. கனியை முதலில் உண்டதனாலேதான் மரம் நடும் கைகள் வலுப்பெற்றன என்பது இவ்வணியினரின் வாதம் எனலாம்.

இதற்கு எதிர்வாதமும் எழுந்தது. 1960க்குப் பிற்பட்ட முன்னேற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இலங்கை பிற நாடுகளை விஞ்சவில்லை என்றார் சுர்ஜித் பல்லா. கணக்குப் பிழையானதன்று, ஆனால் 1960ஐத் தொடக்கமாகக் கொள்வது, ஓட்டக்காரன் பாதித் தூரம் ஓடி முடித்தபின் மணிக்கூட்டை இயக்குவதற்கு ஒப்பாகும். பெரும் பாய்ச்சல் அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. இவ்விவாதத்திற் சென்னின் பக்கமே வலுவுடையது என்பது எமது கருத்து. எனினும், இரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டு நின்றனர். மரம் இன்னும் நடப்படவில்லை என்பதை இருவருமே ஏற்றுக்கொண்டனர்.

மரம் நடப்பட்டுத்தான் இருந்தது. 1867இல் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் வணிக நோக்கிற் தேயிலையைப் பயிரிட்டார். 1869இலிருந்து பரவிய இலைநோய் கோப்பியை அழித்தபின் மலைகள் முழுவதும் தேயிலையாயின. திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட மக்கள் காட்டை வெட்டி, கான் வெட்டி, கன்று நாட்டி, கவ்வாத்து வெட்டி, கொழுந்தெடுத்தனர். சுதந்திரத்தின் பின்னரான இரு தசாப்தங்களிலும் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ அறுபது வீதம் தேயிலை மூலமே கிடைத்தது. றப்பரையும் தெங்கையும் சேர்த்தால் அது தொண்ணூறு வீதத்தை மேவும். பங்கீட்டரிசியில் ஒரு பெரும் பகுதி இறக்குமதி அரிசியாகும். அதனை வாங்கிய அந்நியச் செலாவணி இம்மூன்று பயிர்களாலும் வந்தது. மானியத்தை வழங்கிய திறைசேரிக்கு ஏற்றுமதித் தீர்வை முதன்மையான வருவாய்களுள் ஒன்று. கனி வானத்திலிருந்து விழவில்லை. கொழுந்துக் கூடையிலிருந்தே வந்தது.

மலைநாட்டின் நிலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை இவ்விடத்துக் கூறாது விடுவது நேர்மையாகாது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டத்தினால் கண்டிச் சிங்களக் கிராமத்தவர் தமது சேனைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் இழந்தனர். 1951இல் வெளிவந்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை அவர்களது வறுமையை விரிவாக எடுத்துரைத்தது. மரத்தின் நிழல் அவர்கள்மீதும் விழுந்தது. ஆனால் அவர்களுக்கு ஓர் ஆணைக்குழு அமைந்தது; வாக்கும் இருந்தது.

வாக்கு என்னும் இச்சொல்லிலேதான் இவ்வரலாற்றின் முடிச்சு உள்ளது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானோருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளைக்கு வாக்களித்தவர்கள் 1952இல் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை.

1953ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றை இதனுடன் வைத்து நோக்குவோம். கொரிய யுத்தகாலச் செழிப்பு மறைந்து அந்நியச் செலாவணி கரைந்தபோது, அரசாங்கம் பங்கீட்டரிசியின் விலையைப் படி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் வெடித்தது. உயிர்கள் பலியாயின; பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் எந்த அரசாங்கமும் அரிசியில் அஞ்சாது கைவைக்கத் துணியவில்லை. இலங்கையின் சேமநலம் ஆட்சியாளரின் கருணையால் நிலைத்ததன்று. வாக்காளரின் அச்சுறுத்தலால் நிலைத்தது. சென்னும் ஜோன் டிறேஸும் 1989இல் வெளியிட்ட பசி பற்றிய நூலிற் பொது நடவடிக்கைக்குக் கொடுத்த முக்கியத்துவம் இங்கு முற்றிலும் பொருந்துகின்றது. ஆயின் அதே தருக்கத்தின்படி, வாக்கற்றவருக்கு யாது நேரும் என்ற வினாவும் எழவேண்டும் அல்லவா?

நேர்ந்தது யாதெனில், சேமநலம் தோட்டத்தின் எல்லைக் கல்லை அடைந்ததும் மெலிந்து நின்றது. பங்கீட்டரிசி தோட்டத்துக்கும் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் பாடசாலையும் வைத்தியமும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் விடப்பட்டன. 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை ஆரம்ப வகுப்புகளுடன் நின்றன. கன்னங்கராவின் இலவசக் கல்வி தலவாக்கொல்லை நகரத்துப் பிள்ளைக்கு ஒன்றாகவும், அதற்கு மேலேயுள்ள லயத்துப் பிள்ளைக்கு வேறொன்றாகவும் இருந்தது.

இவ்வேறுபாட்டின் விலை 1973-74ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. உலகச் சந்தையில் அரிசி, கோதுமை மா, சீனி, எண்ணெய் ஆகியவற்றின் விலைகள் ஒருங்கே உயர்ந்தன. பங்கீடு குறைக்கப்பட்டது. கிராமத்தவனுக்கு ஒரு துண்டு வயலோ, சேனையோ, வளவிற் பலா மரமோ ஈரப்பலா மரமோ இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு இருந்தது நாட்கூலி ஒன்றே. வேலை நாட்கள் குறைந்தபோது அதுவும் தேய்ந்தது. காணிச் சீர்திருத்தம் 1972இல் தொடங்கித் தோட்டங்கள் கைமாறிய காலமும் அதுவே. பல குடும்பங்கள் லயத்தைவிட்டு வீதிக்கு வந்தன. 1974இல் தோட்டங்களிற் சிசு மரணம் ஆயிரத்துக்கு நூறைத் தாண்டியது. அதே ஆண்டிற் தேசிய வீதம் ஐம்பதளவில் இருந்தது.

பஞ்சம் என்பது உணவில்லாமையன்று, உணவைப் பெறும் உரித்தில்லாமையே என்பது சென் 1981இல் வறுமையும் பஞ்சமும் பற்றிய தமது நூலில் நிறுவிய கோட்பாடு. கூலியை மட்டும் நம்பியவன், கூலிக்கும் அரிசிக்குமுள்ள மாற்று விகிதம் சரிந்தவுடன் வீழ்கிறான். இக்கோட்பாட்டுக்கு நமது மலைநாட்டைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டியதில்லை. அந்நூலில் 1943ஆம் ஆண்டின் வங்காளம் உண்டு, எதியோப்பியா உண்டு, சாஹேல் உண்டு, 1974ஆம் ஆண்டின் பங்களாதேசமும் உண்டு. அதே 1974இல் நுவரெலியாவில் நிகழ்ந்ததற்கு இடமில்லை. அதே ஆண்டில் சென் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இலங்கை வருகின்றது. ஆனால் அது வெற்றி பெற்ற நாடாக வருகின்றது. இரண்டும் ஒருவரே எழுதியவை. அவரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. தேசிய வீதம் ஐம்பதில் நின்றதனால் நுவரெலியாவில் நிகழ்ந்ததற்குப் பஞ்சம் என்ற பெயரே கிடைக்கவில்லை. பெயரில்லாததை வெளியே இருப்பவர் எங்ஙனம் காண்பார்?

சராசரி எவ்வாறு மறைக்கின்றது என்பதை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். நூறு பிறப்புகளில் பத்து தோட்டத்தில் நிகழ்கின்றன எனவும், அங்கு சிசு மரணம் ஆயிரத்துக்கு 100 எனவும், ஏனைய இடங்களில் 45 எனவும் கொள்வோம். சராசரி 50.5 ஆகும். தோட்டத்தின் துயரம் முழுவதும் தேசியக் கணக்கில் ஐந்தரைப் புள்ளியாகச் சுருங்கிவிடுகின்றது. இனி, ஒரு குழந்தையையேனும் காப்பாற்றாது, தோட்டத்தவருட் பாதிப்பேரை நாட்டைவிட்டு அனுப்பிவிடுவோம் எனக் கொள்வோம். பத்து ஐந்தாகிவிடும், சராசரி 48க்குக் கீழே இறங்கிவிடும். நாடு முன்னேறிவிட்டது!

இது கற்பனைக் கணக்கு மட்டுமன்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 1980களின் நடுப்பகுதிக்குள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைமன்னாரிற் கப்பலேறிச் சென்றுவிட்டனர். 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 11,74,606 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 8,18,656 ஆயிற்று. சிலர் தம்மை இலங்கைத் தமிழராகப் பதிந்துகொண்டமையும் இதற்கு ஒரு காரணமாகும். எவ்வாறாயினும், இலங்கையின் வாழ்க்கைத் தரச் சுட்டெண்ணை உலகம் வியந்த அதே பத்தாண்டில் அச்சுட்டெண்ணைக் கீழே இழுக்கக்கூடியவர்கள் நாட்டைவிட்டு நீக்கப்பட்டுக்கொண்டிருந்தனர். இவ்விரு செய்திகளையும் ஒரே பக்கத்தில் எழுதிய ஆய்வாளரை யாம் கண்டிலேம். அபிவிருத்திப் பொருளியல் நூல்கள் முதலாவதைக் கூறும். அரசறிவியல் நூல்கள் இரண்டாவதைக் கூறும். இரண்டும் நமது நூலகத்தில் வெவ்வேறு தட்டுகளில் உள்ளன.

மூன்றாவது தட்டொன்றும் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை தமது மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். என். எஸ். எம். இராமையா தமது சிறுகதைத் தொகுதிக்கு 'ஒரு கூடைக் கொழுந்து' எனப் பெயரிட்டார். தோட்டத்தில் ஒரு நாள் வாழ்வு அளக்கப்படும் அலகு அதுவே. பொருளியல் பயிலும் மாணவர் இவற்றை இலக்கியமென்று ஒதுக்குகின்றனர். தமிழ் பயிலும் மாணவர் புள்ளிவிபர அட்டவணைகளைத் தீண்டுவதில்லை. ஒரு பீடத்தின் கூரையின்கீழ் இருந்தும் நிலைமை இதுவே.

எண்ணிக்கை பற்றிய முரண் ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். தோட்டத்தைப்போல் எல்லாம் எண்ணப்படும் இடம் நாட்டில் வேறில்லை. பிரட்டுக்களத்திற் பேர் எண்ணப்படும். மடுவத்திற் கொழுந்து நிறுக்கப்படும். குறைந்தால் அரைப்பேர் விழும். செக்றோலிற் சதக்கணக்கில் யாவும் பதியப்படும். 1979இல் பங்கீட்டரிசிக்குப் பதிலாக உணவு முத்திரைத் திட்டம் வந்தபோது இவ்வெண்ணிக்கையே அவர்களுக்கு வினையாயிற்று. மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கே முத்திரை என்பது அடிப்படை விதி. கிராமத்தில் வருமானம் என்பது விண்ணப்பகாரர் கூறியது. தோட்டத்திலோ கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை ஆகிய மூவரின் பேரும் செக்றோலில் இருந்தது. வறுமையை மறைக்க இயலாதவரைப் பற்றி இலக்கியங்கள் பேசுகின்றன; வருமானத்தை மறைக்க இயலாமையால் வறியவர் பட்டியலிலிருந்து விடுபட்டவர்கள் இவர்கள்.

இவ்விடத்து நம்மை நோக்கியும் ஒரு வினாவைத் திருப்புதல் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இலவசக் கல்வியின் துணையால் இப்பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்களே இம்மலரைப் படிப்போருட் பலர். எழுதுபவனும் அவர்களுள் ஒருவன். எமது பாடசாலைக்கும் விடுதிக்கும் மகாபொல நிதிக்கும் பின்னாலுள்ள திறைசேரிக் கணக்கை ஆராய்ந்தால், அங்கு தேயிலைத் தீர்வை இருக்கும். தமிழர் உரிமை பற்றிய நமது வரலாறு 1956இல் தொடங்குவதாக நாம் எழுதிப் பழகிவிட்டோம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் பின்னர் அதே அரசாங்கத்தில் அமைச்சரானார். அதனை ஏற்காத எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர் பிரிந்து சென்று 1949இல் தமிழரசுக் கட்சியை அமைத்தனர். இப்பிரிவு நிகழ்ந்தது யாருடைய பிரச்சினையால் என்பதை நினைவிற்கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகள் மிகச் சிலவே. கனியை உண்டவருள் நாமும் அடங்குவோம். இதனைக் கூறாது சிங்களப் பெரும்பான்மையை மட்டும் குற்றங்கூறுவது, சராசரி செய்யும் வேலையை நாமும் செய்வதாகும்.

நிலைமை மாறவில்லையா என வினவலாம். மாறியுள்ளது. 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் என்ற நிலையை முடிவுக்குக் கொணர்ந்தன. அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபின் தோட்டத்திலிருந்து ஆசிரியர்களும் பட்டதாரிகளும் உருவாகினர். தோட்டப் பிரசவங்கள் வைத்தியசாலைகளில் நிகழத் தொடங்கியதும் சிசு மரணம் பெரிதும் குறைந்து தேசிய வீதத்தை அண்மியது. வாக்கு மீண்டபின் இம்மாற்றங்கள் விரைந்தன என்பது தற்செயலன்று. மேலே கூறிய தருக்கத்தை அது உறுதிசெய்கின்றது. ஆனால் பிழைத்த குழந்தை வளர்ந்ததா என்பது வேறு வினா. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர். தோட்டத்தில் அது ஏறத்தாழ 32 வீதம்.

வறுமைக் கோட்டின் கதை இன்னும் விந்தையானது. 2006-07இல் தோட்டத்துறையின் வறுமை வீதம் 32.0. 2009-10இல் அது 11.4 எனவும் 2016இல் 8.8 எனவும் அறிவிக்கப்பட்டது. பத்தாண்டில் வறுமை நான்கில் மூன்று பங்கு மறைந்துவிட்டதாக மகிழ்ந்தோம். பின்னர் கோடு திருத்தப்பட்டது. மக்கள் உண்மையில் எதை வாங்கி உண்கிறார்கள் என்பதற்கு ஏற்பப் புதிய கோடு வரையப்பட்டு 2019ஆம் ஆண்டின் கணக்கு வெளியானபோது, நாடு முழுவதற்கும் 14.3 வீதம், தோட்டத்துக்கு 33.8 வீதம். லயக் காம்பறாவில் இருந்தவர் எங்கும் நகரவில்லை. கோடு அவருடைய தலைக்குக் கீழே சென்று மீண்டும் மேலே வந்தது. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது நின்ற ஆண்டில், தேசிய வறுமை நூற்றுக்கு இருபத்தைந்தாக உயர்ந்துவிட்டதாக உலக வங்கி மதிப்பிட்டது. தோட்ட மக்களுட் பாதிப்பேர் கோட்டுக்குக் கீழே எனவும் அது கூறியது. நாளொன்றுக்கு 1,000 ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இல் வர்த்தமானியில் ஏறியது. அந்த ஆயிரத்தின் பெறுமதியை அடுத்த ஆண்டின் விலையேற்றம் உண்டுவிட்டது.

கம்பனிகள் தமது நட்டக் கணக்கைக் காட்டுகின்றன. உற்பத்திச் செலவு ஏனைய நாடுகளைவிட உயர்ந்தது என்கின்றன. அதில் உண்மையே இல்லை என்பதற்கில்லை. மரங்கள் முதுமையடைந்துவிட்டன, மீள்நடுகை போதாது. ஆயினும் ஆண்டுதோறும் நூறு கோடி டொலருக்கு மேல் தேயிலை ஈட்டுகின்றது. அவ்வருமானம் ஏலச்சந்தையிலிருந்து கூடைக்குத் திரும்பும் வழியில் எங்கெங்கு தங்குகின்றது என்பதை ஆராய்வது பொருளியல் சிறப்புக் கற்கை மாணவருக்கு நல்ல ஆய்வுப் பொருளாகும்.

வளர்முக நாடுகள் இலங்கையிடமிருந்து கற்கவேண்டியது யாதென நூல்கள் கேட்கின்றன. வளர்ச்சியா, சேமநலமா எது முதலில் என்று அவை விவாதிக்கின்றன. சேமநலத்துக்குப் பணம் செலுத்துபவர் யார், அப்பணத்தை ஈட்டித் தந்தவர் அந்த 'நாடு' என்னும் சொல்லினுள் அடங்குகின்றாரா என்பது முதலிற் கேட்கப்படவேண்டிய வினா. ஒரு நாட்டின் சராசரியை எடுக்குமுன் அந்நாட்டவர் யாரென்று தீர்மானிப்பது பாராளுமன்றம். பொருளியலாளர் அத்தீர்மானத்தைத் தரவாக ஏற்றுக்கொண்டு அதன்மேற் கணக்கிடுகின்றார்.

எமது தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் அட்டவணைகள் இன்று நகரம், கிராமம், தோட்டம் என மூன்று நிரல்களைக் கொண்டுள்ளன. 1979இல் உலகம் இலங்கையை வியந்தபோது பயன்படுத்திய ஒற்றை எண்ணைவிட இது மேலானது. ஆயினும் இருபது ஏக்கருக்குக் குறையாத, பத்துத் தொழிலாளரேனும் வதியும் நிலமே தோட்டம் என்பது வரைவிலக்கணம். பதினைந்து வயதில் லயத்தைவிட்டுக் கொழும்பிற் கடைச் சிப்பந்தியாகவோ வீட்டுவேலைக்காரியாகவோ சென்ற பிள்ளை, அங்கேயே வதிபவராகப் பதியப்பட்டால், நகர நிரலிலேயே எண்ணப்படுகின்றது.